பெல் அடித்ததிலிருந்து பஸ் வரும்வரை என்ன செய்வது?

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் கிளாஸ் டீச்சர். பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க 2024 ஜூனில் நீதிபதி சந்துரு கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கலர் கயிறு கையில் கூடாது, அகரவரிசையில் உட்கார வையுங்கள் என்றிருந்ததே, இரண்டையும் செய்தேன். கையிலிருந்த கலர் இப்போது சைக்கிள் ஹேண்டில்பாருக்குப் போய்விட்டது. (அறிக்கையில் சைக்கிளும் உண்டு, நான்தான் கவனிக்கவில்லை.) அகரவரிசையும் பெல் அடிக்கும்வரைதான். அப்புறம் தெருவாரியாக, அதாவது சாதிவாரியாக, பிரிந்துவிடுகிறார்கள்.

ஒரு பையன், கணக்கில் கெட்டி. 4.50 டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸில்தான் போகிறான். கேட்டால், "லைப்ரரியில் இருந்தேன் டீச்சர்" என்கிறான். லைப்ரரி சாவி என் பையில் இருக்கிறது. போன வாரம் சட்டைப் பை கிழிந்திருந்தது. வகுப்பில் எல்லாரையும் நிறுத்தி, யார் என்று கேட்டுவிடலாமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார், சேரன்மகாதேவி):
வேண்டாம் தாயி. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், ஒரு பையன் படும் சாதித் தொல்லை பள்ளிக்குத் தெரிந்த பிறகுதான், கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சொன்னது யார் என்று வெளியே தெரியவே கூடாது. நான் விசாரணை ஒன்றும் வைக்கமாட்டேன். சாயங்காலம் டீ கிளாஸோடு பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில் நிற்பேன், அவ்வளவுதான். இன்னொன்று, கபடி டீமைத் தெரு கலந்து போட்டேன். கைகோத்துச் சங்கிலி போடாமல் ரைடரைப் பிடிப்பது கஷ்டமாச்சே! முதல் மாதம் ஒருத்தன் கையை ஒருத்தன் பிடிக்கவில்லை. கண்டபடி தோற்றோம். ரெண்டாம் மாதம் பிடித்தான்கள்.

பதில் 2 (பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஓர் அம்மா):
அண்ணாச்சி சொல்வது சரி. கண்டக்டரையும் கேளுங்கள் டீச்சர், எவன் எவனை எழுப்பிவிட்டு உட்காருகிறான் என்று அவருக்குத்தான் தெரியும். எங்கள் பள்ளியில் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி எச்.எம். ரூம் வாசலில் தொங்குகிறது. "அதுல சீட்டு போட்டா எல்லாரும் பாப்பாங்கம்மா" என்றான் என் மகன். கூட்டத்தில் சொல்லி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்ற வைத்தோம்.

பதில் 3:
நானும் அந்த ஆறு மணி பஸ் பையன்தான், வேறு பள்ளி. உதவி எண் 14417க்குப் போன் பண்ணு என்று சுவரில் எழுதியிருந்தது. என்னிடம் ஏது போன்? தமிழய்யா ஒருவர் தினமும் நோட்டுக்கட்டை என் தலையில் கட்டி, பஸ் வரைக்கும் கூடவே வருவார். ஒரு கேள்வி கேட்டதில்லை. நானாகச் சொல்ல ரெண்டு மாசம் ஆச்சு.

கேட்டவர்:
நேற்றும் இன்றும் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். டீ சுமார். இன்று 4.50க்கு ஏறிவிட்டான், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் பெட்டியின் சாவி யாரிடம் என்று எச்.எம்.மிடம் கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறார்.