முறிகண்டியில் நின்ற ஹைலக்ஸ்: ஓட்டோ கியர்பொக்ஸ் மாற்றியவர்கள் சொல்லுங்கள்

கொக்குவில் ஹைலக்ஸ்:
அப்பாவுக்கு இடது முழங்கால் சரியில்லை, கிளச் மிதிக்க முடியாது. வண்டியை விற்கவும் விடமாட்டார். அதனால் எங்கள் பழைய 3எல் டீசல் இஞ்சின் ஹைலக்ஸுக்கு டொல்பின் வானின் (டொயோட்டா ஹயேஸ்) ஓவர்டிரைவ் ஓட்டோ கியர்பொக்ஸ் போட்டோம். ஓவர்டிரைவ் என்றால் நெடுந்தூர ஓட்டத்தில் இஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் மேல் கியர். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுத்தது. ஒரே இஞ்சின் குடும்பம் என்பதால் பெட்டியை இஞ்சினோடு பூட்டும் பெல்ஹவுசிங் நேராகப் பிடித்தது. பெட்டியைத் தாங்கும் கிராஸ்மெம்பர், பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாப்ட் எல்லாம் வழக்கமான தலையிடிதான், அதை விடுவோம்.

கொழும்பால் திரும்பும்போது முறிகண்டியில் நிறுத்தினோம். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஏறி 'டி'யில் போட்டால் இஞ்சின் மட்டும் உறுமுகிறது, வண்டி அசையவில்லை. குனிந்து பார்த்தேன். கீழே தார் முழுக்கச் சிவப்பு ஒயில், குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல. கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிரவைக்கும் கூலருக்குப் போகும் குழாயின் கிளிப் இளகியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு லொறிக்காரர், "நியூட்ரலில விடுங்கோ தம்பி, கிளிநொச்சி மட்டும் இழுத்துவிடுறன்" என்றார். விட்டோம்.

கிளிநொச்சியில் கிளிப்பை இறுக்கி ஒயில் விட்டதும் வண்டி நகர்ந்தது. பரந்தன் தாண்டவில்லை, உள்ளே அரைக்கிற சத்தம். பெட்டியைக் கழற்றினால், உள்ளே தண்டுகளைத் தாங்கும் புஷ்கள் கருகிக் கிடந்தன. இஞ்சின் ஓடினால்தான் இந்தப் பெட்டியின் ஒயில் பம்ப் சுற்றும். இழுபட்ட தூரம் முழுக்கப் பெட்டியின் பின்பக்கம் சில்லுகளோடு சேர்ந்து, ஒயில் வராமல் வறண்டே சுற்றியிருக்கிறது. கசிவு அதைக் கொல்லவில்லை, நாங்கள்தான் கொன்றோம்.

சாவகச்சேரி:
என் கதை சிரிப்பு. ஓவர்டிரைவ் பொத்தானை அமத்தினால் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு வரும். விளக்கு எரிந்தால் ஓவர்டிரைவ் வேலை செய்கிறது என்று நினைத்து கொழும்பிலிருந்து வவுனியா வரை எரியவிட்டே வந்தேன். டீசல் முள் விழுந்த வேகத்தைப் பார்த்து டாங்கி ஒழுகுதாக்கும் என்று இரண்டு தரம் இறங்கிப் பார்த்தேன். விளக்கில் 'ஓஃப்' என்று எழுதியே இருந்தது.

சுன்னாகம் டீசல்:
கொக்குவில் தம்பி குழாயையும் லொறியையும் சொல்கிறார். நான் முதலில் கேட்பது கேபிளைத்தான். கியர்பொக்ஸிலிருந்து வந்து அக்சிலேட்டரோடு சேர்ந்து இழுபடும் அந்தக் கேபிளை டீசல் பம்பின் லீவரில் ஒழுங்காகப் பூட்டினீர்களா? என்னுடையதைக் கராஜில் கம்பியால் கட்டித் தந்தார்கள், இரண்டு கிழமையில் பெட்டிக்குள் இருக்கும் கிளச் பிளேட்டுகள் தீய்ந்தன. என் கதை அவ்வளவுதான்.

இனி மாற்றுபவர்கள் கவனியுங்கள். கேபிள் தளர்ந்திருந்தால் உள்ளே ஒயில் அழுத்தம் ஏறாது. கியர் மென்மையாக விழும், ஆகா நல்ல பெட்டி என்று நினைப்பீர்கள். உண்மையில் அது வழுக்கி எரிகிறது. பெடலை முழுக்க மிதித்துப் பிடித்தால் கேபிளில் உள்ள சின்ன முடிச்சுக்கும் உறையின் வாய்க்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீற்றர்தான் இருக்கவேண்டும். ஒயில் அளவை இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சூடாக, எல்லாக் கியரிலும் ஒருதரம் போட்டு எடுத்த பிறகு பாருங்கள். நிறுத்திவிட்டுப் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். மெனுவல் வண்டியின் றேடியேற்றருக்குள் ஒயில் கூலர் இல்லை, வெளியே தனியாகப் போடுங்கள். அப்புறம், சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போகும்போது எதிர்க்காற்றில் பெட்டி மூன்றாம் கியருக்கும் நாலாம் கியரான ஓவர்டிரைவுக்கும் மாறி மாறி அலையும். அப்போது ஓவர்டிரைவை நிறுத்துங்கள். சாவகச்சேரிக்காரரின் விளக்கு அதற்குத்தான்.

பழைய மொறிஸ்:
இவ்வளவு பாடு எதற்கு? பொருளாதாரத் தடைக் காலத்தில் இதே மொறிஸை மண்ணெண்ணெயில் ஓடினேன். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல், பின்னால் நாலு பெடியள், தள்ளினால் ஸ்டார்ட். பிறகு டட்சன் ஐந்து கியர் மெனுவல் போட்டேன், அதுவும் ஓவர்டிரைவ்தான். உங்கள் ஓட்டோவைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலுமோ?

கொக்குவில் ஹைலக்ஸ்:
ஏலாது அண்ணை. தள்ளிப் பழகிய ஊர் என்பதால்தான் இழுக்கவும் துணிந்தோம். கேபிள் சரியாகத்தான் இருந்தது, சுன்னாகம் அண்ணை. இரண்டாவது பெட்டியும் அதே அளவில்தான் ஓடுகிறது.

பின் டிஃபரன்ஷலில் ஷாப்ட்டைப் பிடித்திருப்பது நாலு போல்ட். அதைக் கழற்றிக் கம்பியால் தூக்கிக் கட்டியிருந்தால் லொறி யாழ்ப்பாணம் வரை இழுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிராது. 14 ஸ்பானர் அன்றைக்குச் சீற்றுக்குக் கீழேதான் கிடந்தது.