பழைய கார் பெட்ரோல் டேங்கில் யாரோ போட்ட ஒட்டு: உங்களுக்கு மாட்டியது என்ன?

தேவகோட்டைக்காரர்:

பெரியப்பச்சி வீட்டுக் கார் செட்டில் படுதாவுக்கு அடியில் கிடந்த மாரிஸ் மைனரை ஓட வைக்கலாமென்று இறங்கினோம். ஐம்பதுகளில் வாங்கியது. இன்ஜினைச் சொல்லித்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். அது சமர்த்தாகக் கிளம்பிவிட்டது. வில்லங்கம் டிக்கிக்கு அடியில் இருந்தது. புதுப் பெட்ரோல் ஊற்றிய கொஞ்ச நாளில் பட்டாசாலை வரை வாடை. தரையில் ஒரு சொட்டு இல்லை. டேங்கின் அடியைத் தடவினால் மட்டும் கறுப்பாகப் பிசுபிசுப்பு.

கழற்றி இறக்கித் தாரைச் சுரண்டினோம். தாருக்குக் கீழே பட்டி. பட்டிக்குக் கீழே துணி. துணிக்குக் கீழே, எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி ஈயம் வைத்து ஒட்டிய தகரம். டின்னின் பச்சைப் பெயின்ட்கூடப் போகவில்லை. அதை நெம்பியதும் டேங்கின் அசல் தகடு அப்பளமாக உதிர்ந்தது. ஒவ்வொரு டிரைவர் காலத்திலும் ஓர் ஒட்டு விழுந்திருக்கிறது. ஊர் போய்ச் சேரும் வரை தாங்கட்டும் என்று போட்டது. ஊர் வந்த பிறகு யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷம் தாங்கியது இப்போது ஏன் விட்டது? இன்று பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய பட்டி, அரக்குப் பூச்சு எல்லாவற்றையும் எத்தனால் இளக்கிவிடும். போதாததற்குக் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி உள்பக்கத்தை அரிக்கும். வண்டியை அலங்காரத்துக்கு நிறுத்தி வைத்திருப்பவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. சாவி போட்டதும், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் எஸ்.யூ. மின்சாரப் பம்ப் கொஞ்சம் டக் டக்கென்று அடித்துவிட்டு நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. எங்கள் வண்டியில் டேங்குக்குள் இறங்கும் குழாயின் ஒட்டும் விட்டிருந்தது.

பள்ளத்தூர்க்காரர்:

உங்களுக்காவது டேங்க் பின்னால். எங்களிடம் இருப்பது 1930 ஃபோர்டு மாடல் ஏ. அதில் டேங்க் கண்ணாடிக்கு முன்னால், ஓட்டுகிறவர் முழங்காலுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக இறங்க வேண்டும். ஒழுகினால் வேட்டியில்தான் சொட்டும். எங்கள் டேங்கின் ஓரத் தையலில் பார் சோப்பைத் தேய்த்து, மேலே சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது, அதனால் அவசரத்துக்குப் பிடிக்கும். தண்ணீரில் கரையுமே! வண்டியைக் கழுவும்போதெல்லாம் வாடை வந்த காரணம் அன்றுதான் விளங்கியது. அந்தக் காலத்து டிரைவர் வாயில் சுருட்டோடுதான் ஓட்டுவாராம், வீட்டில் இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

காரைக்குடி, ரேடியேட்டர் கடை வைத்திருப்பவர்:

என்னிடம் வருகிறவர்கள் சொல்கிற முதல் வார்த்தை, "அண்ணே, டேங்க் காலிதான், கேஸ் வெல்டிங் வெச்சுருங்க." காலி டேங்க்தான் ஆளைக் கொல்லும். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4-லிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் பற்றும். நிறைந்த டேங்கில் ஆவி அதைவிடக் கெட்டி. வடித்த டேங்கில் அளவு சரியாக அதற்குள் வந்து நிற்கும். ஆவி காற்றைவிடக் கனம், திறந்து வைத்தாலும் அடியிலேயே கிடக்கும். பழைய ஒட்டு, துருவுக்குள் ஊறியது சூடு பட்டதும் மறுபடி கிளம்பும்.

நாங்கள் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்து அலசி, ஒட்டுகிற இடம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி தண்ணீர் நிரப்பி, தள்ளி வைத்துக் காய்ச்சிய செம்புக் கட்டையால்தான் ஈயம் வைப்போம். நெருப்பு டேங்கின் பக்கம் வராது. அதுவும் தகடு கெட்டியாக இருந்தால்தான். ஒட்டின் மேல் ஒட்டு இருக்கிற டேங்கை நான் தொடுவதில்லை, புதுத் தகட்டில் அடித்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போகிறவர்களும் உண்டு. பழைய டேங்க் வாங்கினால் பக்கத் தகட்டைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியிருந்தால், யாரோ வெல்டிங் வைக்கும்போது ஒரு தடவை உள்ளே பற்றியிருக்கலாம்.

தேவகோட்டைக்காரர்:

இதைப் படித்துவிட்டுப் போய் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் உப்பல்தான் அண்ணே. புது டேங்குக்குச் சொல்லியாயிற்று. பழையதை ஓரமாக வைத்திருக்கிறோம், பெட்ரோல் அளவு காட்டும் மிதவையை மட்டும் கழற்றிக்கொண்டு.