உற்பத்தி வெட்டு: 'பேக்டவுன்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

காற்றும் வெயிலும் குறையாமல் இருக்கும்போதே உற்பத்தியைக் குறைக்கச் சொல்லிக் காற்றாலைகளுக்கும் சூரிய நிலையங்களுக்கும் லோடு டெஸ்பாட்ச் சென்டரிலிருந்து, அதாவது எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்று சொல்லும் மையத்திலிருந்து, உத்தரவு வரும். மின்துறையில் இருப்பவர்கள் இதைப் 'பேக்டவுன்' என்பார்கள். இதற்கு 'உற்பத்தி வெட்டு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இதற்குக் 'கலுங்கு' என்று வைக்கலாம் எனச் சொன்ன நண்பருக்கு: அது எங்கள் ராமநாதபுரத்துக் கண்மாய்ச் சொல், கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம். எனக்கும் ஆசைதான். ஆனால் பொருந்தவில்லை. கலுங்கில் வழிவது கண்மாய்க்கு வந்து சேர்ந்த தண்ணீர். அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். பேக்டவுனில் வழிவதற்கு எதுவுமே இல்லை. காற்றாலை தன் இறக்கைகளின் கோணத்தைத் திருப்பிக் காற்றை நழுவ விடுகிறது. கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் மாதிரியான இடங்களில் வேலை இன்வெர்ட்டருடையது, அதாவது பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் கருவியுடையது. அது பேனலின் மின்னழுத்தத்தை ஏற்றி, எடுக்கும் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். பேனல் வெயிலில் அப்படியே கிடக்கும். கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும், அவ்வளவுதான். அதனால் 'உபரி மின்சாரம் வீண்' என்று எழுதுவதும் சரியில்லை. அந்த மின்சாரம் உண்டாகவே இல்லை.

ஏன் குறைக்கச் சொல்கிறார்கள்? ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்பனில் கச்சான் காற்று வீசுகிறது, கயத்தாறு, முப்பந்தல் காற்றாலைகள் முழுவேகத்தில் சுற்றுகின்றன, கமுதியில் நல்ல வெயில், ஆலைகளுக்கு விடுமுறை. அனல் நிலையங்களை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. இறக்கினால் கொதிகலனில் தீ நிலையாக எரியாது. சாயங்காலம் வெயில் போனதும் அவை தேவைப்படும் என்பதால் அணைக்கவும் முடியாது. தேவைக்கு மேல் உற்பத்தி போனால் மின்கட்டமைப்பின் அதிர்வெண் இருக்க வேண்டிய 50 ஹெர்ட்ஸைத் தாண்டி ஏறும், அது கட்டமைப்புக்கு ஆபத்து. கடம்பாறை நீரேற்று மின்நிலையத்தில் மிகுந்த மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிக் கொஞ்சம் சமாளிக்கலாம், அதன் திறன் 400 மெகாவாட்தான்.

இன்னொரு காரணமும் உண்டு: மாநிலத்தில் தேவை இருந்தும், கொண்டுபோகிற லைனில் இடம் இருக்காது. இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பது நியாயமில்லை. முதலாவதை 'மிகை வெட்டு', இரண்டாவதை 'நெரிசல் வெட்டு' எனலாம். முன்னதற்குத் தீர்வு சேமிப்பு, பின்னதற்குப் புது லைன். பெயரைப் பார்த்ததுமே எது வேண்டும் என்று கேட்க முடியும்.

மின்வெட்டோடு குழம்பாதா என்றால், இரண்டும் பக்கத்தில் நிற்பதைத்தான் விரும்புகிறேன். அது வீட்டுக்கு வருவதை வெட்டுவது, இது நிலையத்திலிருந்து புறப்படுவதை வெட்டுவது. ஆனால் 'உற்பத்தி'யை விட்டுவிடக் கூடாது. 'சூரிய மின்வெட்டு' என்று சுருக்கினால் எல்லாம் கெட்டது. நிலக்கரி நிலையத்துக்கு 'உற்பத்திக் குறைப்பு' போதும். அங்கே எரிக்காத கரி யார்டில் இருக்கும், நாளைக்கு எரிக்கலாம். வீசிப் போன கச்சான் திரும்பாது.

அப்புறம், 'மஸ்ட் ரன்'. காற்றாலை, சூரிய நிலையம் போன்றவற்றின் மின்சாரத்தைத் தவிர்க்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தகுதி அது. 2021 விதிகளின்படி, தொழில்நுட்பத் தடையோ கட்டமைப்பின் பாதுகாப்போ காரணமாக இல்லாமல் இத்தகைய நிலையத்தின் உற்பத்தியை வெட்டினால் இழப்பீடு தர வேண்டும். இதைக் 'கட்டாய இயக்கம்' என்றால் நிலையம் கட்டாயம் ஓடியாக வேண்டும் என்று தொனிக்கிறது. ஆனால் கட்டாயம் என்பது மின்சாரத்தை வாங்குகிறவருக்குத்தான். 'முதலுரிமை உற்பத்தி' சரிப்படுமா? இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.