பார்ப்-1 பிறபொருளெதிரி: 116 இல் வரவேண்டிய பட்டை 89 இலும் 55 இலும் வருகிறது, உதவி தேவை

கேட்டவர் (மட்டக்களப்பு):

வணக்கம். மூன்று கிழமையாக ஒரே இடத்தில் நிற்கிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வெள்ளாமைக்கு மருந்தடிக்கும் விவசாயிகளின் குருதியில் டிஎன்ஏ சேதத்தைப் பார்க்கிறோம். அதோடு பார்ப்-1 நொதியத்தின் அளவையும் வெஸ்டர்ன் புளொட்டில் (புரதங்களை எடைப்படி பிரித்து மென்சவ்வில் ஏற்றி, தேடும் புரதத்தில் ஒட்டும் பிறபொருளெதிரியால் பட்டையாகக் காட்டும் முறை) பார்க்க நினைத்தோம். டிஎன்ஏ இழை அறுந்த இடத்தில் முதலில் போய் ஒட்டி, திருத்த வேண்டிய மற்றப் புரதங்களை அங்கே வரவழைப்பது இதுதானே.

சம்மாந்துறைப் பக்கம் வட்டைக்கே (வயல்வெளிக்கே) போய்க் காலை ஒன்பது மணிக்குக் குருதி எடுத்தோம். ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து ஃபிக்கோலில் (குருதிக் கலங்களை அடர்த்திப்படி பிரிக்கும் திரவம்) ஊற்றும்போது பின்னேரம் மூன்று மணி. இடையில் நின்ற வெள்ளை வளையத்தை (வெண்கலங்கள்) எடுத்து, பிபிஎஸ் உப்புக் கரைசலில் ஒருமுறை கழுவி, கலத்தை உடைக்கும் ரிப்பா கரைசலில் கரைத்தோம். பிறபொருளெதிரி முயலில் எடுத்த பொலிகுளோனல். நொதியத்தின் சி-முனைப் பக்கத்துக்கு (புரதச் சங்கிலியின் கடைசி முனை) எதிராகச் செய்தது.

ஒப்பிட வைத்த ஹீலா கலச் சாற்றில் (ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்க் கலம்), முழுப் பார்ப்-1 வரவேண்டிய 116 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) அழகான ஒற்றைப் பட்டை. விவசாயிகளின் மாதிரிகளில் 116 நிழல் மாதிரி. 89 இலும் அதற்குக் கீழும் இழுபட்ட கறை. 55 இல் தடித்த பட்டை. எல்லாக் கலத்திலும் இருப்பதால் ஒப்பிடப் பார்க்கும் பீட்டா அக்டின் எல்லாவற்றிலும் 42 இல் ஒழுங்காக இருக்கிறது. போன மாதம் மின்வெட்டு வந்து குளிரூட்டி ஆறு மணித்தியாலம் நின்றது. பிறபொருளெதிரி கெட்டுப்போனதா? புதிதாக எடுப்பித்தால் வந்துசேர மாதக்கணக்காகும், காசும் இல்லை.

பதில் (ஏறாவூர்):

கவலைப்பட என்ன இருக்கிறது? காஸ்பேஸ்-3 என்ற, புரதம் வெட்டும் நொதியம் பார்ப்-1 ஐ 214 ஆவது அஸ்பார்டேட்டுக்குப் பக்கத்தில் வெட்டினால் 24, 89 என்று இரண்டு துண்டு வரும். உங்கள் பிறபொருளெதிரி சி-முனைக்கானது, ஆகவே 89 தான் தெரியும். கலங்கள் அப்பொப்டோசிஸில் (தம்மைத் தாமே அழிக்கும் சாவில்) போகின்றன என்று அர்த்தம். மருந்தின் தாக்கம் என்றே எழுதலாமே.

பதில் (கல்முனை):

தங்கச்சி, அப்படி அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். பிறபொருளெதிரியையும் விட்டுவிடுங்கள். அதே மென்சவ்வில், அதே கரைசலில் ஹீலா 116 இல் சுத்தமாக வந்திருக்கிறதே. பிறபொருளெதிரி செத்திருந்தால் அதுவும் வந்திராது. பெரும்பாலும் இவை பாதி கிளிசரோலில் வரும், -20 இல்கூட உறையாது. ஒரு மின்வெட்டுக்கு அவ்வளவு இலகுவில் போகாது. குளறுபடி மாதிரிகளில்தான்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். புரோட்டியேஸ்களை (புரதம் வெட்டும் நொதியங்களை) தடுக்கும் பீஎம்எஸ்எஃப் எப்போது கலந்தீர்கள்? இரண்டாம் பிறபொருளெதிரியை (முதலாவதில் ஒட்டி அதைத் தெரியவைப்பது) மட்டும் போட்டு ஒரு புளொட் பார்த்தீர்களா? மருந்தடிக்காதவர்களின் குருதி யாருடையது, எப்படி எடுத்தது?

கேட்டவர்:

நன்றி அண்ணா. பீஎம்எஸ்எஃப் காலை எட்டு மணிக்கே ரிப்பாவில் கலந்து மேசையில் வைத்துவிட்டுப் போனோம், வந்ததும் நேரம் மிச்சம் என்று. இரண்டாவது செய்யவில்லை. ஒப்பீட்டுக்கு எங்கள் ஆய்வுகூடத்து நாலு பேர் குருதி தந்தார்கள். எடுத்த அரை மணித்தியாலத்தில் ஃபிக்கோலில் போட்டோம். அவற்றில் 116 நல்லாக வந்தது. 55 மட்டும் அதிலும் இருக்கிறது. அதனால்தான் விவசாயிகளில் ஏதோ நடக்கிறது என்று எங்களுக்கும் ஒரு எண்ணம்.

பதில் (கல்முனை):

அங்கேதான் பிழை. ஒரு கூட்டத்தின் குருதி அரை மணித்தியாலம் பழையது, மற்றது ஆறு மணித்தியாலம் பழையது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மருந்தா பஸ்ஸா என்று உங்கள் புளொட் சொல்லாது.

பீஎம்எஸ்எஃப் தண்ணீரில் நிற்காது. 25 பாகையில் பிஎச் 7.5 என்றால் 55 நிமிடத்தில் பாதி போய்விடும், பிஎச் 8 என்றால் 35 நிமிடத்தில். உங்கள் ரிப்பா பிஎச் 8 என்றால் எட்டிலிருந்து மூன்று மணிக்குள் பன்னிரண்டு தடவை பாதியாகிவிட்டது. நம் ஊர் வெக்கையில் இன்னும் கெதியாகப் போயிருக்கும். நீங்கள் கரைத்த நேரம் அது வெறும் ரிப்பா.

பதில் (அக்கரைப்பற்று):

நான் குருதிப் பரிசோதனையில் பல வருஷம் வேலை செய்தவள், ஒன்றைச் சேர்க்கிறேன். புதுக் குருதியில் கிரனுலோசைட்டுகள் (ஒரு வகை வெண்கலங்கள்) செங்கலங்களோடு அடிக்குப் போய்விடும். நேரம் கடந்த, குளிரில் இருந்த குருதியில் அவற்றில் ஒரு பங்கு அடர்த்தி மாறி வெள்ளை வளையத்திலேயே தங்கிவிடும். அவற்றின் வயிறு முழுக்க எலாஸ்டேஸ், கதெப்சின் ஜி என்ற புரோட்டியேஸ்கள். கலத்தை உடைத்ததும் வெளியே வந்து அகப்பட்டதையெல்லாம் வெட்டும். பீஎம்எஸ்எஃப் தடுக்க வேண்டியதே இந்த வகைப் புரோட்டியேஸ்களைத்தான். 89 இல் கூர்மையாக ஒரு பட்டை நிற்காமல் கீழே இழுபடுகிறதே, காஸ்பேஸ் மட்டும் வெட்டினால் அப்படி இழுபடாது மகள்.

55 எனக்கு ஐஜிஜி (குருதியில் இயல்பாகவே உள்ள பிறபொருளெதிரி) மாதிரித் தெரிகிறது. ஒருமுறை கழுவினால் பிளாஸ்மா போகாது. மனித ஐஜிஜியின் பாரச் சங்கிலி அந்த இடத்தில்தான் ஓடும். முயலுக்கு எதிரான இரண்டாம் பிறபொருளெதிரி சிலவேளை அதையும் பிடிக்கும். ஹீலாவில் 55 இல்லாததும் இதற்குப் பொருந்துகிறது.

பதில் (கல்முனை):

விவசாயிகளிடம் போக முதல் இதைச் செய்யுங்கள். உங்கள் ஆய்வுகூடத்து ஒருவரின் குருதியை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றை உடனே ஃபிக்கோலில் போடுங்கள். மற்றதை ஐஸ் பெட்டியில் ஆறு மணித்தியாலம் வைத்து, அதில் பாதியைப் பழைய முறையிலும், பாதியை யூரியா பஃபரிலும் கரைத்துப் பாருங்கள். 6 மோலார் யூரியா, 2 வீதம் எஸ்டிஎஸ், 5 வீதம் மெர்கப்டோஎதனோல். கலத்தில் நேரே ஊற்றி, 15 செக்கன் சொனிக்கேட் பண்ணி, 65 பாகையில் 15 நிமிடம். கொதிக்க விடாதீர்கள், யூரியா புரதத்தைக் கெடுக்கும். பார்ப்-1 டிஎன்ஏயில் இறுக ஒட்டியிருப்பது. இப்படி இழுத்தால்தான் முழுக்க வரும், புரோட்டியேஸ்களும் அந்த இடத்திலேயே செயலிழக்கும்.

கேட்டவர் (பத்து நாள் கழித்து):

செய்தோம். என்னுடைய குருதிதான். உடனே போட்டதில் 116. ஐஸ் பெட்டியில் வைத்துப் பழைய முறையில் கரைத்ததில் அப்படியே விவசாயிகளின் படம்: நிழலான 116, கீழே கறை. நான் வாழ்க்கையில் ஒருநாளும் மருந்தடித்ததில்லை. அதே குருதி யூரியா பஃபரில் 116 இல் கறுப்பாக நிற்கிறது. 89 இல் மெல்லிய கோடு மட்டும். இரண்டாம் பிறபொருளெதிரியை மட்டும் போட்ட துண்டில் 55 தனியாக வந்தது. மூன்றுமுறை கழுவியதில் அது காணாமல் போய்விட்டது.

அந்த எக்ஸ்ரே பிலிமை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. இல்லாத ஒன்றை அந்த மனிதர்களின் குருதியில் இருப்பதாக எழுத இருந்தோம். பழைய மாதிரிகளை பார்ப்-1 கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

திரும்பக் கேட்கத்தான் வேண்டும். வரம்பில் குந்தியிருந்து, சேறு காயாத கையைத் துடைத்து நீட்டிய ஐயாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பதில் (சம்மாந்துறை):

நடந்ததை அப்படியே சொல்லுங்கள் தங்கச்சி, அவர்களுக்கு விளங்கும். மருந்தடிக்காத ஆட்களையும் அதே ஊரில், அதே நேரத்தில் எடுங்கள். கடைக்காரர், தையல்காரர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சுபஹு தொழுகை முடிந்து வட்டைக்கு இறங்க முதல் வந்தால் எல்லாரையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம். சென்ட்ரிஃபியூஜ் இங்கே பக்கத்திலேயே ஒழுங்கு பண்ணித் தருகிறேன். பீஎம்எஸ்எஃப்பை மட்டும் அல்கஹோலில் கரைத்துத் தனிக் குழாயில் கொண்டுவாருங்கள், இங்கே வந்து கலப்போம்.