மணல் துகள்களுக்கு இடையில் நீங்கள் பார்த்தது என்ன?

கடல் மணலை முதன்முதலில் நுண்ணோக்கியில் வைத்தபோது நெளிவதெல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. எல்லாவற்றையும் நெமட்டோட், அதாவது உருளைப்புழு, என்றே குறித்து வைத்தேன். எண்ணிக்கையில் பெரும்பாலும் அவைதான் அதிகம் என்பதால் சந்தேகமும் வரவில்லை.

அப்புறம் ஒருநாள் ஸ்லைடில் ஒன்று வேறு மாதிரி நகர்ந்தது. நெமட்டோடின் உடம்பில் நீளவாக்குத் தசை மட்டும்தான் உண்டு, சுற்றுத் தசை கிடையாது. அதனால் அது சாட்டை போல வளைந்து துடிக்குமே தவிர, நீண்டு சுருங்காது. இதுவோ நழுவிப் போய், மணல் துகளில் முட்டியதும் சட்டென்று பாதியாகச் சுருங்கி, மறுபடி நூலாக நீண்டது. பெரிதாக்கினேன். மேலெல்லாம் சிலியா எனும் நுண்ணிய மயிரிழைகள் அலையடிக்கின்றன; உள்ளே குடலும் இல்லை, தசை அடுக்கும் இல்லை. அது புழுவே அல்ல, சிலியாவால் நகரும் ஒற்றைச் செல் உயிரி, சிலியேட்!

அன்றிலிருந்து உருவத்துக்கு முன்னால் நடையைத்தான் பார்க்கிறேன். உடம்பு முழுக்கச் சிலியாவோடு வழுக்கிப் போய், குடலும் தெரிந்தால் தட்டைப்புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். சிலியா வயிற்றுப் பக்கம் மட்டும் இருந்து, பக்கவாட்டில் சின்னச் சின்ன ஒட்டுக்குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது காஸ்ட்ரோட்ரிக் என்ற நுண்விலங்கு. இரண்டையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் பல நேரம் உருவமற்ற உருண்டைதான் மிஞ்சும். நான் அப்படி ஒரு மாதிரி முழுவதையும் இழந்திருக்கிறேன், இன்றும் வருத்தம்தான். தயவுசெய்து முதலில் உயிரோடு பாருங்கள், வீடியோ எடுங்கள், பிறகு பதப்படுத்துங்கள்.

இவற்றை மணலிலிருந்து பிரித்தெடுக்க, ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்டைக் கரைத்து மணலில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுவேன். அதில் அவை மயங்கியதும் மணல் மீதுள்ள பிடி தளரும். மெல்லச் சுழற்றி, மேல்நீரை 63 மைக்ரோமீட்டர் சல்லடையில் வடித்து, உடனே கடல்நீருக்கு மாற்றினால் தெளிந்துவிடும். மிகச் சிறியவை வேண்டுமென்றால் சல்லடைக் கண் இன்னும் நுணுக்கமாக வேண்டும்.

*

மேலே நண்பர் சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். மயக்க மருந்துக்கும் பிடியை விடாதவை உண்டு. மணலை அந்த மெக்னீசியம் குளோரைடு கரைசலில் இரண்டு முறை அலசிய பிறகு, அதே மணலை நன்னீரில் வேகமாக அலசினேன். மென்மையானவை அந்த அதிர்ச்சியைத் தாங்காது, ஆனால் அவற்றை ஏற்கெனவே எடுத்துவிட்டேன். கடைசியாக விழுந்தது ஒரு நீர்க்கரடி (டார்டிகிரேட் என்ற நுண்விலங்கு), பேட்டிலிபஸ் என்ற பேரினம். நான்கு ஜோடிக் கால்கள். ஒவ்வொரு விரல் நுனியிலும் நகத்துக்குப் பதில் குட்டித் தட்டு. அந்தத் தட்டால் துகளைப் பற்றிக்கொண்டு ஏறுவதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லோரிசிஃபெரா என்ற நுண்விலங்குத் தொகுதியே (ஃபைலம்) இப்படித்தான் பிடிபட்டது. விலங்கியலாளர் ரைன்ஹார்ட் கிறிஸ்டென்சன் பிரான்சின் ரோஸ்கோஃப் அருகே கடலடியில் எடுத்த மாதிரியை, நேரமில்லாமல் நன்னீரில் அலசினார். ஒட்டிக்கொண்டிருந்தவை கொத்தாக உதிர்ந்தன. 1983இல் நானலோரிகஸ் மிஸ்டிகஸ் என்று பெயரிட்டு, புதிய தொகுதியாகவே வெளியிட்டார்.

*

மேலே எழுதிய இரண்டு பேருக்கும் நன்றி. நெமட்டோட் என்று எழுதி மூடிவைத்த பழைய ஸ்லைடுகள் என்னிடமும் இருக்கின்றன. வாய்க்குழி, தலையோரத்து ஆம்ஃபிட் எனும் உணர்வுக் குழி, வால், ஆணின் ஸ்பிக்யூல் எனும் இணைசேர்க்கை முள் இவற்றைப் பார்க்காமலே எழுதியவை. நாளை முதல் ஸ்லைடிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்.