பேக்கமன் பலகை: அந்த முக்கோணத்துக்கு என்ன பெயர்?

> ‘பாயிண்ட்’ என்பதற்கு ‘முனை’ போதும். பார்த்தாலே முனைதானே தெரிகிறது.

வணக்கம். பேக்கமன் என்பது இருவர் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டம். அதன் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் பேச்சில் வந்த கருத்துகளை மேற்கோளாக எடுத்துப் பதில் சொல்கிறேன். ‘பாயிண்ட்’ என்பது பலகையில் காய் வைக்கும் நீண்ட முக்கோணம்.

தெரிவது முனைதான். ஆனால் காய் அங்கே உட்காருவதில்லை. முக்கோணத்தின் அகன்ற அடியில், பலகை விளிம்பை ஒட்டி முதல் காயை வைத்து, மற்றவற்றை உள்நோக்கி அடுக்குகிறோம். ‘ஆறாம் முனையில் ஐந்து காய்’ என்று எழுதினால் புதிதாகப் பழகுபவர் கூர்நுனியில்தான் தேடுவார்.

முக்கோணம் இந்த ஆட்டத்துக்குக் கட்டாயமும் இல்லை. இதன் மூதாதையாகக் கருதப்படும் ரோமானிய ஆட்டத்தின் பலகைகள் சிலவற்றில் ஆறெழுத்துச் சொற்களைச் செதுக்கி, ஒவ்வோர் எழுத்தையும் காய் வைக்கும் இடமாகக் கொண்டார்கள். ஈரானியர் இந்த இடத்தை ‘கானே’ என்கிறார்கள், துருக்கியர் ‘ஹானே’ என்கிறார்கள். இரண்டுக்கும் வீடு என்றே பொருள். சோதிடக் கட்டத்தால் நமக்கும் பழகிய சொல். எனவே என் வாக்கு ‘வீடு’. இரண்டு காய் நிற்கும் இடத்தில் எதிராளி இறங்க முடியாது; அதை ‘வீடு பிடித்தல்’ என்றால் விளக்கமே வேண்டாம். (வாடகை, முன்பணம் எதுவும் கிடையாது.)

> அப்படியானால் ‘ஹோம் போர்டு’? அதுவும் வீடுதானே!

அதற்குக் ‘கட்டு’ இருக்கிறது. பழைய வீடுகளில் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்போமே, அதுதான். 24 வீடுகள், ஆறாறாக நான்கு கட்டுகள். ஆளுக்கு ஓர் உள்கட்டு, ஒரு வெளிக்கட்டு; உள்கட்டுதான் ‘ஹோம் போர்டு’. 15 காய்களும் உள்கட்டுக்கு வந்து சேர்ந்தபின் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதற்குத் தாயத்தின் ‘பழம்’ அப்படியே பொருந்தும். எதிராளியின் தனிக் காயை அடிப்பதற்கு ‘வெட்டு’ம் அங்கிருந்தே வரட்டும்.

> ‘பார்’ என்பதற்குத் ‘தடுப்பு’.

‘பார்’ பலகையின் நடுவே ஓடும் கட்டை; அது எதையும் தடுப்பதில்லையே. ஆறாம் வீட்டுக்கும் ஏழாம் வீட்டுக்கும் இடையே இருந்தாலும் நகர்த்தலில் எண்ணப்படுவதில்லை. காய் அதைத் தாண்டிப் போய்விடும். மடக்கும் பலகையில் கீல் இருக்கும் இடம் அது. ‘நடுச்சட்டம்’ என்றால் தச்சருக்கும் புரியும். வெட்டுப்பட்ட காய் எதிராளியின் உள்கட்டில் நுழையும்வரை அங்கேதான் காத்திருக்கும். ‘சட்டத்தில் ஒரு காய்’ என்று சொல்லலாம். ‘சிறை’ என்று இன்னொருவர் எழுதியது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது மரத்துண்டுக்கான பெயர் அல்ல.

படத்தில் எண் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்து எண்ணுவதால் என் 24 உங்கள் 1. கூட்டினால் எப்போதும் 25. தொடக்க அடுக்கு 24இல் 2, 13இல் 5, 8இல் 3, 6இல் 5 காய்கள். இது யாருடைய எண் என்று படத்திலேயே குறிக்காவிட்டால் குழப்பம்தான்.

மிச்சம் ‘பிப்’. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கான தொலைவு. எல்லாக் காய்களையும் பழமாக்கத் தொடக்கத்தில் ஆளுக்கு மொத்தம் 167. ‘புள்ளி’ ஆட்ட மதிப்பெண்ணோடு மோதும். ‘எட்டு’ எண்ணோடு மோதும். ‘தப்படி’ எப்படி?