அடுத்தவர் வீட்டுக் கூரையில் வேலை பழகலாமா?

மழைக்காகம்:
ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வயதானவர்களின் வீடுகளைப் பழுது பார்த்துக் கொடுக்கிறோம். கூலி வாங்குவதில்லை. வேலை தெரிந்தவர் ஒரே ஒரு மேஸ்திரிதான். நான் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன், கரணையைத் தொட்டதே போன மாதம்தான். இந்த வாரம் ஒரு பாட்டி வீட்டில் தகர ஷீட் மாற்ற வேண்டும். ஆள் குறைவு, நீயும் மேலே ஏறு என்கிறார்கள். நான் தப்பாகப் போட்டால் ஒழுகப்போவது பாட்டி வீடு. தெரியாத வேலையை இன்னொருவர் கூரையில் பழகுவது சரியா?

உப்பளத்தான்:
தாராளமாகப் பழகலாம் சகோதரி. ஆனால் உங்கள் பயம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா அடித்தபோது நான் வேதாரண்யம் பக்கம் இருந்தேன். அதற்கு முன் டிரில் மிஷினைப் பிடித்ததே இல்லை. முதல் வாரமே ஒரு வீட்டில் ஸ்க்ரூவையெல்லாம் ஷீட்டின் பள்ளத்தில் இறக்கிவிட்டேன். பள்ளம்தானே ஷீட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தோடு ஒட்டி உட்காருகிறது, அங்கே போட்டால் கெட்டியாக நிற்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. மழைத் தண்ணீர் ஓடுவதும் அதே பள்ளத்தில்தான். இரண்டு நாள் கழித்துப் போனால் அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரிசிப் பானையை மூலைக்கு நகர்த்தி வைத்திருந்தார். பானை இருந்த இடம் தரையில் வட்டமாகத் தெரிந்தது, அதன் நடுவில் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு ஷீட் வீண். என் காசில் வாங்கி மாற்றினேன்.

அதனால் சொல்கிறேன், ஸ்க்ரூ எப்போதும் மேட்டில். முடுக்கும்போது ரப்பர் வாஷர் லேசாக அமுங்கினால் போதும், பிதுங்கி வெளியே வந்தால் சீக்கிரமே வெடித்து ஒழுகும். ஓரத்திலும், கூரை உச்சியான முகட்டிலும், கீழ் விளிம்பான இறவாணத்திலும் நெருக்கிப் போடுங்கள். காற்று முதலில் தூக்குவது அங்கேதான். அப்புறம், முகடு கிழக்கு மேற்காக ஓடினால் மேற்கு முனையில் தொடங்குங்கள். அடுத்தடுத்த ஷீட் மேலே ஏறி வரும்போது மேல் ஷீட்டின் விளிம்பு மேற்கே பார்க்கும். கிழக்கிலிருந்து வரும் மழைக்காற்று அதற்குள் நுழையாது.

பழைய கொத்தனார்:
அம்மா, எடுத்ததும் மேலே ஏற வேண்டாம். முதல் நாள் கீழே நின்று ரீப்பர் அளங்க, நூல் பிடிங்க, தண்ணீர் நிரப்பிய ட்யூபால் மட்டம் பார்க்கப் பழகுங்க. ட்யூபுக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் மட்டம் பொய் சொல்லும், தட்டி வெளியேற்றிவிட்டுப் பாருங்க. நானும் ஆறு மாதம் சித்தாளாக இருந்துதான் கரணை பிடித்தேன். மேலே ஏறினால் ஸ்க்ரூ வரிசையில் மட்டும் கால் வைக்கணும். அதுக்குக் கீழேதான் ரீப்பர் இருக்கும். ஈரத் தகரத்தில் ஏறவே கூடாது.

வேலை முடிந்ததும் முகட்டிலிருந்து நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்க. ஒருவர் உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கட்டும். சொட்டினால் அன்றைக்கே சரி பண்ணிவிடலாம். அந்தப் பாட்டி பானையை நகர்த்தவே வேண்டியிருக்காது.

வேப்பமர நிழல்:
கழற்றப்போகும் பழைய ஷீட் எல்லாமே தகரம்தானா? கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் இருந்தால் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நன்றாக நனைத்து, முழுசாக இறக்குங்கள். கைக்குட்டை கட்டினால் போதாது, அதற்கான மாஸ்க் வேண்டும்.

மழைக்காகம்:
அடுப்படி மேல் இரண்டு கல்நார் ஷீட் இருக்கிறது. நல்ல வேளை சொன்னீர்கள், அதை இந்த வாரம் தொடப்போவதில்லை. மாஸ்க் வாங்கிவிட்டுப் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நான் கீழே மட்டம் பிடிக்கிறேன், குடமும் நானே கொண்டுபோகிறேன். உப்பளத்தான் அண்ணா, பாட்டி வீட்டு முகடு வடக்கு தெற்காக ஓடுகிறது. எந்த முனையில் தொடங்குவது?

உப்பளத்தான்:
தெற்கு முனையில். மழைக்காலத்தில் வாடை வடக்கேயிருந்துதான் வரும். எதற்கும் பாட்டியையும் ஒரு வார்த்தை கேளுங்கள், சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று. அந்த வீட்டில் இத்தனை மழையைப் பார்த்தவர் அவர்தான்.